இணையவழிப் பாடசாலை: பதிவல்ல, நிறைவே அளவுகோல்

வகுப்பறையில்லாத அரசாங்கப் பாடசாலையொன்று மாணவரைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்ப்படுத்த முடியுமா? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1997 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட 'புளோரிடா வேர்ச்சுவல் ஸ்கூல்' இக்கேள்விக்குப் பதிலளித்து வருகின்றது. அம்மாநில மாணவருக்கு அங்கு கல்வி இலவசமாகும்.

தமது பாடசாலையில் உயர் கணிதத்துக்கோ பௌதிகவியலுக்கோ ஆசிரியரில்லாத மாணவர், அப்பாடத்தை மாத்திரம் இங்கு பயிலலாம். ஆசிரியர்கள் தொலைபேசியில் உரையாடி, மாணவர் பாடத்தை விளங்கிக்கொண்டாரா எனச் சோதிக்கின்றனர். பல்கலைக்கழக மட்டத்திலான ஏ.பி. பாடங்களும் உண்டு. அவற்றுக்கான பரீட்சையைப் பாடசாலையன்றி, கொலேஜ் போர்ட் என்ற வெளியமைப்பே நடத்துகின்றது. 5 புள்ளிகளில் 3 அல்லது அதற்கு மேல் பெறுவோர், முதலாம் ஆண்டுப் பாடங்கள் சிலவற்றை மீண்டும் கற்கத் தேவையில்லையெனப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன.

நாம் முக்கியமாகக் கருதுவது நிதியேற்பாட்டையே. 2003 இல் கொண்டுவரப்பட்ட முறையின்படி, மாணவர் பாடத்தை வெற்றிகரமாக நிறைவுசெய்தாலே பாடசாலைக்கு அரச நிதி கிடைக்கும். ஆகவே, பின்தங்கும் மாணவரைத் தேடிச்செல்வது பாடசாலைக்கும் அவசியமாகின்றது. நிதிக்காகத் தேர்ச்சியை இலகுவாக்கும் அபாயமும் இதிலுண்டு; வெளிப் பரீட்சைகளே அதற்குக் கடிவாளம்.

கணினி வழங்கியதோடு கடமை முடிந்ததெனக் கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.