நிறம் பார்க்கும் கணினி, பார்க்காத விதி

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: மாநிலங்களவையில் 2015 மார்ச்சில் காப்பீட்டுச் சட்டத் திருத்த மசோதா விவாதத்தின்போது, ஐக்கிய ஜனதா தளத் தலைவர் சரத் யாதவ் தென்னிந்தியப் பெண்களின் நிறத்தையும் உடலையும் வர்ணிக்கத் தொடங்கினார். உறுப்பினர்கள் பலர் சிரித்தனர். திமுக உறுப்பினர் கனிமொழி எதிர்ப்புத் தெரிவித்தார். பேசியவர் யார் என்று தெரிந்ததால் கண்டிக்கவும் முடிந்தது. சமூக ஊடகங்களில் அதே பாகுபாட்டைக் கணினி நிரல் காட்டினால் யாரைக் கண்டிப்பது?

இது வெறும் கற்பனை அல்ல. ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) படங்களைத் தானாகவே கத்தரித்துக் காட்டிய நிரல், கறுப்பினத்தவரைவிட வெள்ளையர் முகங்களுக்கு முன்னுரிமை தருவதாக 2020-இல் புகார் எழுந்தது. 2021 மே மாதம் வெளியான நிறுவனத்தின் சொந்த ஆய்வும் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், நிரலின் பாரபட்சங்களைக் கண்டறிய நிறுவனமே ஒரு போட்டி நடத்தியது. ஒல்லியான, இளமையான, வெளிர் நிற முகங்களையே நிரல் விரும்புகிறது என்று காட்டிய ஆய்வுக்கு முதல் பரிசு கிடைத்தது. மனிதர்களின் பார்வை படத்தில் எங்கே பதிகிறது என்ற தரவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நிரல் அது. நம் கண்ணின் கோளாறு கணினிக்கும் தொற்றிக்கொண்டது போலும்!

இந்தியாவில் 1975 முதல் விற்பனையான 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமின் விளம்பரங்களுக்கு எதிராக அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியதன் பலனாக, 2003-இல் இரண்டு விளம்பரங்கள் திரும்பப் பெறப்பட்டன. 2020-இல் பெயரிலிருந்த 'ஃபேர்' நீங்கி 'குளோ' வந்தது. அதே ஆண்டு, வரன் தேடுவோர் நிறத்தைக் குறிப்பிடும் வசதியை ஷாதி.காம் நீக்கியது. விளம்பரமும் பெயரும் கண்ணுக்குத் தெரிந்தவை.

நிரல் அப்படியல்ல. 2021 பிப்ரவரி 25-இல் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில், பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் தங்கள் தானியங்கிக் கருவிகளில் பாரபட்சமும் பாகுபாடும் உள்ளனவா என்று அவ்வப்போது ஆராய வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றது. ஆனால், அது 4-ஆவது விதியின் 4-ஆவது உட்பிரிவில் இருக்கிறது. பாலியல் வன்முறைக் காட்சிகளையும் ஏற்கெனவே நீக்கப்பட்ட பதிவுகளையும் கண்டறியும் கருவிகள் பற்றியது அந்த உட்பிரிவு. யாருடைய படத்தை முன்னே காட்டுவது, யாருடையதைப் பின்னே தள்ளுவது என்று தீர்மானிக்கும் நிரல்கள் அதில் அடங்கவில்லை. ஆய்வு முடிவைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்றும் அது கூறவில்லை.

அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. நிறம் அதில் இல்லை. விதிகளின் வரம்பை விரிவாக்குவதற்கு அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கையே போதும்.