வந்த வழி சரிதானா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் ஊற்றுநீர் உள்ளது. அதை இடைவிடாது இறைத்தால்தான் நிலக்கரியை வெட்ட முடியும். நீரை மேலேற்றும் குழாய்களில் ஒருவழி வால்வு பொருத்துவது வழக்கம். பம்பின் பக்கமிருந்து நீர் வந்தால் வால்வு திறக்கும். எதிர்ப்பக்கமிருந்து வந்தால் மூடிக்கொள்ளும். இதைப் போன்ற காவல் ஒன்று கணினிப் பிணையங்களிலும் உண்டு. பிணையத் தேர்வுக்குப் பயிலும் மாணவர்களைத் திணற வைப்பவற்றுள் அதுவும் ஒன்று.

நூறு கணினிகள் ஒரே படக்காட்சியைக் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நூறு பிரதிகள் அனுப்புவது வீண். ஒரே பிரதியை அனுப்பி, பாதை பிரியும் இடத்தில் மட்டும் ரூட்டர் நகலெடுத்தால் போதும். இதுவே மல்டிகாஸ்ட். ஸ்டீவ் டீரிங் வகுத்த இதன் விதிகள் 1989இல் வெளியாயின. 224 முதல் 239 வரையிலான எண்ணில் தொடங்கும் முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டவை.

சாதாரணப் பாக்கெட்டை, அது சேர வேண்டிய இடத்தைப் பார்த்து ரூட்டர் அனுப்புகிறது. மல்டிகாஸ்ட் பாக்கெட்டோ பல திசைகளில் செல்ல வேண்டியது. அது சுற்றி வந்து மீண்டும் நுழைந்தால் என்ன ஆகும்? நகல்கள் பெருகிப் பிணையமே திணறும். எனவே ரூட்டர், "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்கிறது. அனுப்பிய கணினிக்குத் தான் செல்லும் இணைப்பின் வழியே வந்தால் ஏற்கும், இல்லையேல் எறிந்துவிடும். இவ்வழியை 1978இல் விளக்கியவர்கள் யோகன் தலால், ராபர்ட் மெட்காஃப் ஆகியோர். தலால், பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

இனிப் பயிற்சிக்கூடத்திற்கு வருவோம். இரு ரூட்டர்களிடையே விரைவான இணைப்பு ஒன்று, மெதுவான இணைப்பு ஒன்று. மல்டிகாஸ்டுக்குரிய 'பிம்' நெறிமுறை மெதுவானதில் மட்டும் இயக்கப்பட்டுள்ளது. முதலில் எங்கும் பரப்பும் 'டென்ஸ்' முறையில் பாக்கெட்டுகள் மெதுவான இணைப்பில் வந்து சேர்கின்றன. ரூட்டரின் வழிப்பட்டியலோ, அனுப்பியவருக்குரிய வழி விரைவான இணைப்பு என்கிறது. விளைவு? 'பிங்' சோதனை வெற்றி. படக்காட்சி மட்டும் இல்லை!

இங்கே கம்பியை மாற்றிப் பயனில்லை. படம் கிடைக்காத கணினியின் ரூட்டரில் தொடங்கி, அனுப்பும் கணினியை நோக்கி ஒவ்வொரு ரூட்டராகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' என்னும் கட்டளை, எந்த இணைப்பை ரூட்டர் சரியான வழியாகக் கருதுகிறது என்று காட்டும். அந்த இணைப்பில் 'பிம்' இயங்காவிடில் இயக்கினால் போதும். படம் ஓடத் தொடங்கும்.

'பிங்' வெற்றி பெற்றால் போகும் வழி உண்டு என்றே பொருள். மல்டிகாஸ்டில் கோளாறு தேடுவோர், வந்த வழியையும் பார்க்க வேண்டும்.