ஜேம்ஸ்பாண்டின் முதல் கதை ஏன் 53 வருஷம் காத்திருந்தது?

ஜேம்ஸ்பாண்ட் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் நடிகர் ஜெய்சங்கரையே 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பாண்ட் வரும் முதல் நாவல் ஒழுங்கான சினிமாவாக வருவதற்கு 53 வருஷம் ஆச்சு என்றால் நம்புவீர்களா?

நாவலின் பெயர் 'கேஸினோ ராயல்'. எழுதியவர் இங்கிலாந்துக்காரர் இயன் ஃப்ளெமிங். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை உளவுத்துறையில் வேலை பார்த்தவர். 1952-இல் ஜமைக்கா தீவில் இருந்த தன் வீட்டில் உட்கார்ந்து எழுதினார். 1953-இல் புத்தகம் வெளிவந்தது. (பாண்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஓர் அமெரிக்க அறிஞரின் பெயர் அது. ரொம்ப சாதாரணமான பெயராக இருக்கிறதே என்று ஃப்ளெமிங் எடுத்துக்கொண்டார்!)

கதை இதுதான். சூதாட்ட விடுதியில் வில்லனைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்து, கையில் காசில்லாமல் ஆக்க வேண்டும். அதுதான் பாண்டுக்குக் கொடுத்த வேலை.

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி 1,000 டாலர் கொடுத்து தொலைக்காட்சி உரிமையை வாங்கியது. 1954 அக்டோபர் 21 அன்று ஒரு மணி நேர நாடகமாக ஒளிபரப்பினார்கள். பாண்டாக நடித்தவர் பாரி நெல்சன். இதில் கூத்து என்னவென்றால், ஆங்கிலேய உளவாளி பாண்டை அமெரிக்கராக மாற்றி, 'ஜிம்மி' என்று செல்லப் பெயரும் வைத்துவிட்டார்கள்! கதையில் வரும் அமெரிக்க உளவாளியோ ஆங்கிலேயர் ஆகிவிட்டார்.

அந்த நாடகம் நேரடி ஒளிபரப்பு. வசனம் மறந்தாலும் தடுமாறினாலும் திரும்ப எடுக்க முடியாது, நம்ம ஆண்டு விழா நாடகம் மாதிரிதான். அப்போது வீடியோ டேப் புழக்கத்துக்கு வரவில்லை. பதிவு வேண்டுமென்றால் டி.வி. திரைக்கு முன்னால் ஒரு சினிமா கேமராவை வைத்துப் படம் பிடிக்க வேண்டும். அப்படி எடுத்த பிரதியும் எங்கோ போய், 1981-இல்தான் மறுபடி கிடைத்தது.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். 1955-இல் கிரிகரி ராடாஃப் என்ற நடிகர்-இயக்குநர் 6,000 டாலருக்கு சினிமா உரிமையை வாங்கினார். உரிமை என்பது நிலப் பத்திரம் மாதிரி. ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால், கதையை எழுதியவரே கேட்டாலும் திரும்பக் கிடைக்காது. ராடாஃபுக்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. 1960-இல் அவர் இறந்துபோனார். அவர் மனைவி அந்த உரிமையை சார்லஸ் ஃபெல்ட்மேன் என்ற தயாரிப்பாளருக்கு விற்றார்.

ஃப்ளெமிங் மட்டும் சும்மா இருந்தாரா? தொலைக்காட்சித் தொடருக்காக ஒரு கதை யோசித்தார், அது நின்று போச்சு. அதையே 'டாக்டர் நோ' நாவலாக எழுதிவிட்டார். இன்னொரு தொடருக்கு யோசித்த கதைகளும் படமாகவில்லை, அவை சிறுகதைகள் ஆயின. இருவரோடு சேர்ந்து உருவாக்கிய ஒரு திரைக்கதையை 'தண்டர்பால்' என்று நாவலாக்கினார். அதில் மாட்டிக்கொண்டார்! கூட எழுதியவர்களைக் கேட்காமல் செய்ததால் வழக்கு வந்தது. 1963-இல் சமரசம் ஆனது. என்னைக் கேட்டால் அந்த வழக்கில் நியாயம் எதிர்ப்பக்கம்தான் இருந்தது.

1961-இல் ஹாரி சால்ட்ஸ்மேன், ஆல்பர்ட் புரோக்கோலி என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் கை கோத்தார்கள். பாண்ட் நாவல்களின் உரிமை அவர்களிடம் வந்தது, ஆனால் 'கேஸினோ ராயல்' மட்டும் இல்லை. அதுதான் ஏற்கெனவே விற்றாச்சே! 'தண்டர்பால்' எடுக்கலாம் என்றால் வழக்கு. கடைசியில் 'டாக்டர் நோ'வை எடுத்தார்கள். சுமார் 10 லட்சம் டாலர் செலவு. 1962 அக்டோபரில் வெளிவந்தது. ஷான் கானரி ஒரே படத்தில் உலகப் புகழ் பெற்றார்.

இப்போது ஃபெல்ட்மேன் என்ன செய்வார் பாவம்? கையில் முதல் கதை இருக்கிறது, ஆனால் ஜனங்களுக்கு பாண்ட் என்றால் கானரிதான். சரி, கிண்டல் படமாகவே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். 1967-இல் வந்த அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் ஐந்து இயக்குநர்கள்! கதையில் ஆளாளுக்கு ஜேம்ஸ்பாண்ட்! சீட்டாட்டக் காட்சியில் மோத வேண்டிய பீட்டர் செல்லர்ஸுக்கும் ஆர்சன் வெல்ஸுக்கும் ஒத்துப்போகாததால், பெரும்பாலும் தனித்தனியாகத்தான் படம் பிடித்தார்கள். படம் முடியும் முன்பே செல்லர்ஸ் வெளியேறிவிட்டார். வசூல் மோசமில்லை. ஆனால் ஃப்ளெமிங்கின் நாவலை அதில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். நல்லவேளை, அதைப் பார்க்க அவர் இல்லை. 1964-லேயே மாரடைப்பில் இறந்துவிட்டார்.

உரிமை மீண்டும் தூங்கியது. 1999-இல் சோனி, எம்.ஜி.எம். நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு சமரசத்தில் முடிந்தபோதுதான் அது பாண்ட் படக்காரர்கள் பக்கம் வந்தது. 2006-இல் டேனியல் கிரெய்க் நடிக்க 'கேஸினோ ராயல்' வெளியானது. நாவலில் வருவது பக்காரா என்ற சீட்டாட்டம். 1954 நாடகத்தில் பாண்டே அதன் விதிகளை விளக்க வேண்டியிருந்தது. 2006-இல் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, எல்லோருக்கும் தெரிந்த போக்கராக மாற்றிவிட்டார்கள்.