அப்பீல் போட்டால் வீட்டுக்கு விடுவார்களா?

"அப்பீல் போட்டாச்சு பிள்ளை. இனி மகன் வீட்டை வந்திடுவான்தானே?"

வவுனியாவில் ஒரு தாய் கேட்டார். சட்டத்தரணிக்குக் கொடுப்பதற்காகத் தோட்டையும் அடகு வைத்திருந்தார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். பிணையைத் தனியாகக் கேட்க வேண்டும். வழக்கு நடந்தபோது பிணையில் நின்றவர்தானே என்றால் போதாது. இப்போது அவர் குற்றவாளியாகக் காணப்பட்டவர். நீதவான் நீதிமன்றத் தீர்ப்பென்றால் சற்று இலகு. குற்றத்தின் பாரதூரத்தையும் முன்நடத்தையையும் பார்ப்பார்கள். மேல் நீதிமன்றத்திலோ விதிவிலக்கான காரணம் கேட்பார்கள். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. தீர்ப்புகளால் வந்த நிபந்தனை அது. வழக்குகள் குவிந்து தாமதமாகிறது என்பது மட்டும் போதாதென்று 2006இல் உயர் நீதிமன்றமும் சொன்னது.

வீட்டில் உழைக்க ஆளில்லை என்பது எங்களுக்குப் பெரிய காரணம். நீதிமன்றத்தில் பெரும்பாலும் அது எடுபடுவதில்லை. சிறையில் வைத்துக் கவனிக்க முடியாத நோய் என்றால் கதை வேறு.

"மகனுக்கு வருத்தம் ஏதும் இருக்கோ அம்மா?"

"கிட்னி வருத்தம். கிளினிக் கொப்பி பெட்டிக்குள்ள கிடக்கு. ஒருத்தரும் கேக்கேல்லையே."

அடுத்த நாள் கொப்பியோடு சட்டத்தரணியிடம் போனோம்.

காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம். தோட்டை அடகு வைக்க முதல் கேளுங்கள்.