வேரில் நிற்கும் காவலன்

கொச்சிக்கு அருகே, காயலின் உவர்நீர் ஏறி இறங்கும் வயல்களில், சேற்றைச் சிறுசிறு மேடுகளாகக் குவித்துவைத்து, தென்மேற்குப் பருவமழை வந்து அவற்றின் உப்பைக் கழுவிய பிறகே முளைகட்டிய விதையை உச்சியில் தூவும் குடியானவர்கள், பொக்காளி என்னும் நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். உப்பு இந்த நெல்லுக்குள் புகுவதே இல்லை என்று எண்ணிவிடலாகாது. வேர் வழியே தண்ணீரோடு சோடியமும் ஏறத்தான் செய்கிறது. ஆயினும், நீர் மேலேறும் குழாயை ஒட்டிய உயிரணுக்களில் ஒரு புரதம் வாயிற்காவலனைப்போல் நின்று, சோடியத்தை வழிமறித்துத் திரும்ப இழுத்துக்கொள்வதால், இலை பெரும்பாலும் கருகாமல் பிழைக்கிறது. அந்தப் புரதத்துக்குரிய மரபணு நெல்லின் முதலாம் குரோமோசோமில் இருப்பதை, நோனா போக்ரா என்னும் நெல்லை ஆராய்ந்து 2005-இல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். நோனா என்றால் வங்காளியில் உப்புக் கரிப்பது என்று பொருள். பெயர் வைத்தவர் விஷயம் அறிந்தவர்தாம். பொக்காளியின் சக்தியும் அதே குரோமோசோமைச் சார்ந்ததே. கோதுமையிலோ, மாக்கரோனிக்கு உதவும் துரும் ரகம் உப்புக்கு மிக அஞ்சுவது. அதற்கு, ஐன்கார்ன் என்னும் புராதனக் கோதுமையிலிருந்து இதே குடும்பத்து மரபணு ஒன்றைச் சாதாரணக் கலப்பினாலேயே ஊட்டிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், உவர்நிலத்தில் 25 சதவீதம் வரை கூடுதல் மகசூல் கண்டதாக 2012-இல் அறிவித்தார்கள்.