முழுமூச்சும் லெவல் பெஸ்ட்டும்

சித்தூர், திருப்பதி வாழ் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த இடத்தில் செல்லும் என்பதும் தெரியவேண்டும். 'முழு முயற்சி' என்ற ஒரே கருத்தை வைத்து இதைப் பார்ப்போம். நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன். கடைக் கல்லாவில் உட்கார்ந்து, காதில் விழுந்ததைக் குறித்து வைத்தவன்.

ஆங்கிலத்தில் 'டூத் அண்ட் நெயில்' என்றால் பல்லும் நகமும். விலங்குச் சண்டையின் சாயல் உள்ளதால், எதிராளி இருக்குமிடத்தில்தான் இது வரும். வட எல்லைக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டத்துக்குப் பொருந்தும். (1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, நம் சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.) பரீட்சைக்குப் படிப்பதை இப்படிச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். 'புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்' என்பது ஆர்கன் வாத்தியத்திலிருந்து வந்தது. அதன் குமிழ்களையெல்லாம் இழுத்துவிட்டால் முழு ஓசையும் எழும். கல்யாணம், விழா போன்றவற்றைக் குறைவில்லாமல் நடத்துவதற்கு இது ஏற்றது. 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்' தேடலுக்கு உரியது.

நம் கடைத்தெருவில் அதிகம் புழங்குவது 'லெவல் பெஸ்ட்'. அகராதிப்படி இதுவும் முழு முயற்சிதான். ஆனால், "சரக்கு நாளைக்கு வருமா?" என்று கேட்டு, "லெவல் பெஸ்ட் ட்ரை பண்றேன் சார்" என்று பதில் வந்தால், நான் வேறு இடத்திலும் சொல்லி வைத்துவிடுவேன்!

'மூவ் ஹெவன் அண்ட் எர்த்' என்பதைப் பிள்ளைகள் 'வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்' என்று எழுதினால் முயற்சி போய் கோபம் வந்துவிடும். அதற்கு நம்மிடம் 'பகீரதப் பிரயத்தனம்' இருக்கிறதே! தெலுங்கிலும் அதேதான். தேர்தல் சமயத்தில் தெலுங்குப் பத்திரிகைகள் 'சர்வ சக்துலு ஒட்டி' என்று எழுதும். இந்த 'ஒட்டி', பணயம் வைத்து என்று பொருள்படும். பந்தயத்தைக் குறிக்கும் 'ஒட்டம்' தமிழிலும் உண்டு.

தமிழ்த் தொடர்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. நல்ல வேலைக்கு 'முழுமூச்சாக'. வழக்கில் ஒருவர் பக்கம் பேசினால் 'வரிந்து கட்டிக்கொண்டு'. 'தலைகீழாக நின்றாலும்' என்று தொடங்கினால் 'நடக்காது' என்றுதான் முடியும்.

எதை எப்படிப் பெரியோர் சொன்னார்களோ அப்படிச் சொல்வதே மரபு என்பது, எங்கள் சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் வகுத்த விதி. தெலுங்கை ஊர் சொல்லிக்கொடுக்கும். ஆங்கிலத்தைப் பள்ளி சொல்லிக்கொடுக்கும். இந்தத் தமிழ் மரபை மட்டும் வீட்டில் பெரியவர்கள் பேசிக் காட்டினால்தான் உண்டு. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்பதோடு "இதை எங்கே சொல்வாங்க?" என்றும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.