மருத்துவச் செலவைத் தாங்குவோர் யார்?

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி அரசாங்கம் தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அரசாங்க அதிபர் டைக் துரையின் ஊக்கத்தால், நன்கொடை திரட்டிய தருமச் சங்கமொன்றே அதனை நிறுவி நடத்தியது. அக்காலத்திலேதான், 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தமை வியப்பிற்குரியது.

தருமப் பணம் கட்டடம் எழுப்பும். கட்டிலும் வாங்கித் தரும். ஆயின், தாதிக்கு மாதந்தவறாது சம்பளம் கொடுக்க வரிப்பணமே வேண்டும். 1907இல் அவ்வாஸ்பத்திரியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1951 முதல் இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாயிற்று.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. பிறநாடுகளும் புலம்பெயர்ந்தோரும் மருந்து அனுப்பினர். அது போதாத இடங்களில், வறிய நோயாளியும் மருந்துச் சீட்டை ஏந்தித் தனியார் கடைக்கே செல்ல வேண்டியதாயிற்று.